காசு கட்டிச் சாக்குத் தூக்குகிறார்கள்

அப்பாவிடம் இந்த யோசனையை முதலில் சொன்ன நேரம் அவர் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். ரோட்டுப் பக்கம் இருக்கிற அரை ஏக்கரை எனக்கு விடுங்கோ, உடற்பயிற்சி வகுப்பு நடத்தப்போகிறேன், ஆட்கள் மாதக் காசு கட்டி வருவார்கள், டயர் புரட்டுவார்கள், சாக்குத் தூக்குவார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மண்வெட்டியை மண்ணில் குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நெல்லு மூட்டை தூக்கிற பெடியளுக்கு நாங்கள் கூலி குடுக்கிறம். நீ தூக்கிறவனிட்டைக் காசு வாங்கப்போறியோ?"

"ஓம்."

"அப்ப அறுவடைக்கு அவங்களையே கூப்பிடு. எங்களுக்கும் லாபம்."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துவிட்டார். இது நடந்தது 2023 கடைசியில். அவர் பகிடியாகச் சொன்ன அந்தக் கணக்கை நான் அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருந்தால் அடுத்த நாலு மாதமும் வீணாகப் போயிருக்காது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டாரில் ஆறு வருடம் ஒரு ஹோட்டலின் ஜிம்மில் வேலை. முதல் இரண்டு வருடம் வெள்ளைக்காரர் முகம் துடைத்துப் போடுகிற துவாய்களைப் பொறுக்கினேன், பிறகு பயிற்சியாளருக்கு எடுபிடி, கடைசியில் இரவிரவாகப் படித்து ஒரு சான்றிதழ் எடுத்து நானே பயிற்சியாளர். அப்பாவுக்கு நாரி பிடித்து எழும்ப முடியாமல் போனதும் விட்டுவிட்டு வந்துவிட்டேன். எங்கள் காணி கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே, அப்பப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்தது. வயல் வாய்க்காலோடு ஒரு துண்டு, வீட்டோடு மேட்டுக்காணி ஒரு துண்டு. மேட்டுக்காணியில் தென்னை, வாழை, கொஞ்சம் கத்தரி, முருங்கை, கோழிக்கூடு, கிணறு. ரோட்டுப் பக்கத்து அரை ஏக்கரில் மட்டும் ஒன்றும் வராது. கிறவல் நிலம், கச்சான் போட்டாலும் மயில் முடித்துவிடும்.

யோசனை கைபேசியில் வந்ததுதான், மறைக்க என்ன இருக்கிறது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா பக்கம் பண்ணைக்காரர்கள் தங்கள் காணியிலேயே பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். பழைய டிராக்டர் டயர், வைக்கோல் கட்டு, மரக்குற்றி, கயிறு, அவ்வளவுதான் சாமான். நகரத்து ஆட்கள் காரில் வந்து சேற்றில் புரண்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு கையிலும் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கிற ஒரு பயிற்சி உண்டு, உலகமெங்கும் அதற்கு "விவசாயி நடை" என்றுதான் பெயர். வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். போர் முடிந்த நேரம் செட்டிக்குளம் அகதி முகாமில் இருபது லீற்றர் கான் இரண்டைத் தூக்கிக்கொண்டு நாளுக்கு எத்தனை தரம் நடந்தோம், அதற்கு ஒருத்தரும் பெயர் வைக்கவில்லையே என்றார். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் துலா மிதித்தவர். ஒருவர் பட்டையைப் பிடிக்க, இன்னொருவர் துலாவுக்கு மேலே ஏறி முன்னுக்கும் பின்னுக்குமாக நடந்து நடந்து தோட்டத்துக்கு இறைக்க வேண்டும். அதையும் இப்போது யாராவது படம் பிடித்துப் போட்டால் மாதம் இத்தனை டொலர் என்று விற்கலாம்.

சரி, சாமான். இது கேட்கிறவர்கள் பலர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிராக்டரின் பின் டயர் பழையது சும்மாவே கிடைக்கும், கடைக்காரருக்கு அது தொல்லை, நுளம்பு பெருகும் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசுவார். அதே ஏச்சு எனக்கும் விழக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் அலவாங்கைச் சூடாக்கி நாலு ஓட்டை போட்டுத் தண்ணீர் வடிய வைத்தேன். புரட்டுவதற்கு ஐம்பது அறுபது கிலோ வருகிற டயர் போதும், பெரிதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். லான்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) டயர் சின்னது, இழுப்பதற்கு நல்லது. சாக்கு விஷயத்தில்தான் மொக்கு வேலை பார்த்தேன். ஐம்பது கிலோ யூரியா வந்த உரப்பையில் மணலை வாய்வரை நிரப்பினால் ஐம்பது கிலோ என்று நினைத்தேன். மணல் யூரியாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரம், பையை நானே அசைக்க முடியவில்லை. அரைவாசிக்குக் குறைவாக நிரப்ப வேண்டும், அதுவும் பையை இரட்டையாகப் போட்டுத் தைக்க வேண்டும், வெயிலில் கிடந்தால் மூன்று மாதத்தில் உரப்பை பொடிப்பொடியாக உதிரும். இப்போது உமியும் மணலும் கலந்து ஐந்து, பத்து, பதினைந்து, இருபது கிலோ என்று நிறுத்து, நிறத் துணி கட்டி வைத்திருக்கிறோம். எம்பித் தொங்க ஜிஐ குழாய். தூணுக்குப் பாலைக் குற்றி நட்டோம். குழி தோண்டுகிற அன்றைக்கு அப்பா பக்கத்திலேயே நின்றார். 2010இல் நாங்கள் திரும்பி வருவதற்கு முன்பே கண்ணிவெடி எடுத்து முடித்த காணிதான், என்றாலும் அலவாங்கு எதிலாவது "டங்" என்று பட்டால் அவருக்கு இன்னும் முகம் மாறும். பட்டது ஒரு பழைய நீர்க்குழாய்த் துண்டு.

2024 மாசியில், காலபோக அறுவடை முடிந்த கையோடு தொடங்கினோம். காலை ஐந்து மணி, மாதம் மூவாயிரம் ரூபா, முதல் கிழமை இலவசம். பதினொரு பேர் வந்தார்கள், எல்லாரும் ஆண்கள், அதில் பாதி என்னோடு பள்ளிக்கூடம் படித்த பெடியள். இலவசக் கிழமை திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் நாலு பேர். சித்திரையில், சூரியன் தலைக்கு நேரே வருகிற அந்தக் கிழமைகளில், ஒருவன் மட்டும் வந்தான், அவனும் வெளிநாட்டுக்குப் போக மருத்துவப் பரிசோதனைக்கு உடம்பைக் குறைக்க வந்தவன்.

ஏன் நின்றீர்கள் என்று ஒவ்வொருவனாகக் கேட்டேன். மேசன் வேலை செய்கிறவன் சொன்னான், பகல் முழுக்கச் சீமெந்துக் கல் தூக்குகிறேன், காலையிலும் தூக்கினால் மனிசி சிரிக்கிறாள். வங்கியில் வேலை செய்கிறவனுக்குக் கண்ணாடி வேண்டுமாம். டவுனில் ஜிம்முக்குப் போனால் நாலு பக்கமும் கண்ணாடி, கை மொத்தமாகிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்கலாம், உன்னுடைய காணியில் என்னைப் பார்ப்பது மாடு மட்டும்தான் என்றான். கோபம் வந்தது, ஆனால் உண்மை. உடம்பால் உழைக்கிறவனுக்கு நான் விற்கிற சாமான் தேவையில்லை. உழைக்காதவனுக்குத் தேவைப்படுகிற அலங்காரம் என்னிடம் இல்லை. அப்பா அன்றைக்கு வாழைப்பாத்தியில் சொன்னதும் இதுதானே.

அப்படியே இழுத்து மூடிவிட்டு டவுனில் ஏதாவது ஜிம்மில் வேலை கேட்கலாம் என்று இருந்த நேரம்தான் அந்த ஸ்கூட்டி வரிசை கண்ணில் பட்டது. எங்கள் படலைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு டியூசன் கொட்டில் இருக்கிறது. பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி ஐந்தரை மட்டும் ஆண்டு நாலு, ஐந்து பிள்ளைகளுக்கு வகுப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் என்றால் எங்கள் ஊரில் அது பிள்ளை எழுதுகிற சோதனை அல்ல, தாய் எழுதுகிற சோதனை. வீட்டுக்குப் போய்த் திரும்பி வர பெற்றோல் செலவு, ஆகவே பத்துப் பதினைந்து தாய்மார் ஸ்கூட்டியிலேயே குந்திக்கொண்டு இரண்டு மணித்தியாலம் போனைப் பார்ப்பார்கள். இத்தனை வருடமும் அவர்கள் அங்கேதான் இருந்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

வைகாசியில் ஒருநாள் அதில் ஒரு அக்கா படலைக்கு வந்து, "தம்பி, உள்ளுக்கு நடக்க விடுவீங்களோ?" என்றார். டயர் இருக்கிறது, சாக்கு இருக்கிறது என்று நான் என் பிரசங்கத்தைத் தொடங்க, இடையில் வெட்டினார். "அதொண்டும் வேண்டாம். கிளினிக்கில நடக்கச் சொன்னவை. சீனி. றோட்டால நடக்கேலாது."

ஏன் ஏலாது என்று கேட்டது என் முட்டாள்தனம். மணல் டிப்பர் போகிற போக்குக்கு ஓரத்தில் நடந்தால் உயிர் மிஞ்சாது. விடிய நடக்கலாம் என்றால் இருட்டு, நாய்கள். பின்னேரம் என்றால் மதகில் இருக்கிற பெடியளின் கதை. அதையும் தாங்கிக்கொண்டு நடந்தால் யாராவது ஒரு மாமி சைக்கிளை நிறுத்தி, "என்ன பிள்ளை, மோட்டச்சைக்கிள் பழுதோ?" என்று கேட்பார். பெண் ஒருத்தி ஒரு காரணமும் இல்லாமல், கையில் ஒரு பையும் இல்லாமல் ரோட்டில் நடக்கலாம் என்று எங்கள் ஊர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தன் வீட்டைச் சுற்றி, கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில், எண்ணிக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறார், அம்பதாவது சுற்றில் தலை சுற்றுகிறதாம்.

இதே ஊரில்தான் செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டுக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வற்றாப்பளை வழியாக நடந்து போகிறார்கள், அதில் அறுபது வயது தாண்டிய அம்மாக்கள் எத்தனையோ பேர். வன்னியைத் தாண்டிக் கிழக்கு மாகாணம் முழுக்க நடந்து காட்டுக்குள்ளால் போய்ச் சேருகிறார்கள், ஒருவரும் மோட்டார் சைக்கிள் பழுதோ என்று கேட்பதில்லை, தண்ணீர்ப் பந்தல் போட்டுக் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். முருகனுக்காக நடந்தால் சரி, சீனிக்காக நடந்தால் கதை. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கம் எடுத்து வந்தபோது வன்னி முழுக்க மாலை போட்டுக் கொண்டாடியது. கொண்டாடிய அதே ஆட்கள்தான் தங்கள் மனிசிமார் பின்னேரம் நடக்கப் போகிறேன் என்றால், "எங்கை, பிலிப்பைன்ஸுக்கோ?" என்று கேட்கிறார்கள்.

அந்த அக்கா அடுத்த நாள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடந்தார்கள், ஆனால் ரோட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்தார்கள். எங்கள் வேலி அப்போது முள்ளுக்கம்பியும் இடைக்கிடை கிளுவைக் கதியாலும்தான், மாடு வராது, பார்வை வரும். போகும்போது ஒருவர் சொன்னார்: வேலியை அடைத்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

வேலி அடைப்பது என்றால் கிடுகு. தகரம் அடிக்கலாம் என்று நான் கணக்குப் பார்த்தேன், விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன், அதோடு பின்னேர வெயிலில் தகரம் சட்டி மாதிரிக் கொதிக்கும். அப்பாதான், இந்தத் தொழிலைப் பற்றி அதுவரை பகிடி தவிர வேறொன்றும் சொல்லாத அப்பா, வேலி என்றதும் எழும்பி உட்கார்ந்தார். தென்னோலையை வெட்டிக் கிழித்து வாய்க்காலில் ஊறப்போட்டார். அம்மாவும் பெரியம்மாவும் பின்னினார்கள். நாரியைக் காட்டித் தூக்க மறுக்கிற மனிசன் இரண்டு கிழமை காலையில் இருந்து இருட்டும்வரை வேலியோடு நின்றார். குனிந்து கிடுகுக் கட்டை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்து எடுங்கோ என்று நான் சொல்ல, "நீ கட்டாரில படிச்சதை எனக்குப் படிப்பியாதை" என்றார், ஆனால் மூன்றாம் நாள் பார்த்தேன், சொன்ன மாதிரித்தான் எடுத்தார். ரோட்டு முகத்துக்கு மட்டும் நானூறுக்கு மேல் கிடுகு போனது. நாலு வரிசை டயர், கயிறு, குழாய், எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் செய்த செலவைவிட அந்த வேலிக்குத்தான் அதிக நாளும் அதிகக் கையும் போயிருக்கிறது. ஆனியில் பதினேழு பேர். ஆடியில் இருபத்தாறு.

ஆட்கள் எதற்குக் காசு கட்டுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயிற்சி யூடியூப்பில் இருக்கிறது, சும்மா. நடக்க நிலம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நான் விற்பது வேலி. வேலிக்குள் ஒரு மணித்தியாலம். பிள்ளை எதிரில் படிக்கிறது, சமையல் முடிந்து வந்திருக்கிறார்கள், ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் கூப்பிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. கிழமைக்கு மூன்று நாள் எங்களிடம் வந்தால் 150 தாண்டிவிடும். டயரும் சாக்கும் அப்புறம் மெதுவாகத் தானாக வந்தன. முதலில் சாக்கைத் தொடமாட்டேன் என்ற அந்தச் சீனி அக்கா இப்போது பதினைந்து கிலோ சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னை வரிசையைச் சுற்றி வருவார்.

வகுப்பை நான் எடுப்பதில்லை. வேலிக்குள் ஒரு ஆண் விசில் ஊதிக்கொண்டு நின்றால் வேலி எதற்கு? தங்கச்சி பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து விளையாடியவள், மாகாணம் வரை போனவள். அவளுக்கு நான் நாலு மாதம் சொல்லிக்கொடுத்தேன், இப்போது அவள்தான் பயிற்சியாளர், நான் மோட்டர் கொட்டிலுக்குள் இருந்து கணக்கு எழுதுகிறேன். கட்டாரில் ஆறு வருடம் பட்ட பாட்டுக்கு இது என்னடா என்று முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது. அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்பதையும் எழுதிவிடுகிறேன், இதை அவள் வாசிப்பாள்.

விசில் இப்போது இல்லை, அந்தக் கதைக்கு முன் இன்னொன்று. ஜிம்களில் சேருகிறவர்களிடம் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள், பழைய வடிவத்தில் ஏழு கேள்வி: இருதய வருத்தம் உண்டா, நெஞ்சு நோ வருமா, தலை சுற்றுமா, பிறஷருக்கு மருந்து எடுக்கிறீர்களா என்று. நான் அதை அப்படியே தமிழில் எழுதி வைத்திருந்தேன். முதல் கிழமையிலேயே ஒரு அக்கா ஏழுக்கும் இல்லை என்று போட்டுவிட்டு, பேனையை வைக்காமல் யோசித்துக்கொண்டு இருந்தார். "இடுப்பில செல் துண்டு ஒண்டு கிடக்கு. அது எந்தக் கேள்விக்குள்ள வரும்?"

எட்டாவது கேள்வியை அன்றைக்கே எழுதினேன். உடம்பில் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டோ, குண்டோ, பழைய காயமோ உண்டா, எங்கே, மழைக்காலத்தில் நோகுமா. பாதிக்குக் கிட்ட ஓம் என்றுதான் வருகிறது. கட்டாரில் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு பக்கம் இல்லை. நாங்கள் செய்வது சாதாரண விஷயம்தான்: துண்டு கிடக்கிற இடத்தை அழுத்துகிற, முறுக்குகிற பயிற்சி இல்லை, குதிப்பு இல்லை, கிளினிக் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரச் சொல்வோம். ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்தது. அவருக்குக் கிறவல் மேடு பள்ளத்தில் சமநிலை தவறுகிறது, வியர்த்தால் கால் பொருந்துகிற இடத்தில் தோல் உரிகிறது. இருபது யார் நீளத்துக்கு மண்ணை இறுக்கிச் சமமாக ஒரு பாதை போட்டோம், நடுவில் உட்கார்ந்து காலைக் கழற்றித் துடைக்க ஒரு வாங்கு. கடைசியில் எல்லாருக்கும் அந்த வாங்குதான் பிடித்த இடமாகிவிட்டது.

விசிலைக் கைவிட்ட கதை இதுதான். தங்கச்சிக்குப் பழக்கும்போது நானே ஒருநாள் வகுப்பில் நின்றேன். நின்ற இடத்தில் சட்டென்று விழுந்து படுத்து, எழும்பிக் குதிக்கிற பயிற்சி ஒன்று உண்டு, எல்லா ஜிம்மிலும் செய்வார்கள். விசிலை ஊதி "படுங்கோ!" என்று கத்தினேன். படுத்தார்கள். மறுபடி ஊதினேன், எல்லாரும் எழும்பினார்கள், ஒருவர் எழும்பவில்லை. காதைப் பொத்திக்கொண்டு முகத்தை மண்ணில் வைத்தபடி கிடந்தார். தங்கச்சி போய்ப் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று சிரித்து, அன்றைய மிச்ச வகுப்பையும் முடித்துவிட்டுத்தான் போனார். போரின் கடைசியில், பதின்மூன்று பதினாலு வயதில், மாத்தளனில் செல்லடிக்குள் நானும் அப்படிப் படுத்துக் கிடந்தவன், எனக்கே தெரிந்தும் நான் கத்தினேன். இப்போது விசில் இல்லை, அந்தப் பயிற்சி இல்லை. தங்கச்சி கையைத் தட்டுவாள், அவ்வளவுதான்.

கந்தோர் அலைச்சல் பற்றிக் கேட்பவர்களுக்கு. எங்களுடையது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, உறுதிக் காணி அல்ல. பயிர் செய்ய, குடியிருக்க என்று தந்தது, நினைத்தபடி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அதில் தொழில் செய்யலாமா என்று கேட்க ஒரு கந்தோருக்குப் போனேன், அவர்கள் இன்னொரு கந்தோரைக் காட்டினார்கள், அங்கே போனால் முதல் கந்தோரில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். ஏழு தரம் போய் வந்தேன். நடையென்றால் 150 நிமிடக் கணக்கில் சேர்த்திருக்கலாம். கடைசியில் செய்தது: வணிகப் பெயரைப் பதிந்தோம், நிரந்தரக் கட்டடம் ஒன்றும் கட்டவில்லை, சாமான் எல்லாம் தூக்கி நகர்த்தக் கூடியது, மிச்சக் காணி முழுக்கப் பயிர். உங்கள் காணி எந்த வகை என்று முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், டயர் தேடுவது பிறகு.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து நான் ஆசைப்பட்டுக் கைவிட்டதில் பெரியது சேற்றோட்டம். வயல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உழுதுவிட்ட சேற்றில் ஓடவிட்டால் படம் நன்றாக வரும். அம்மா ஒரே சொல்லில் நிறுத்தினார்: எலிக்காய்ச்சல். மாரி காலத்தில் வயலில் இறங்குகிற கமக்காரருக்கே சுகாதாரத் திணைக்களம் தடுப்பு மாத்திரை கொடுக்கிறது, காலில் ஒரு கீறல் இருந்தால் போதும். காசு கட்டி வருகிறவரை அதற்குள் இறக்குவது பாவம். பாம்புக்குப் பயந்து புல்லைக் கட்டையாக வெட்டி வைத்திருக்கிறோம், டயரைத் தூக்குவதற்கு முன் தடியால் ஒரு தட்டு, இது சட்டம், யாருக்கும் விலக்கில்லை. ஒரு தரம் உள்ளே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைப் பலகையில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறோம், இதுவரை ஒரு தரம்தான் கூப்பிட்டோம், அதுவும் வகுப்புக்கு வந்தவருக்கு அல்ல, ரோட்டில் டிப்பரோடு விழுந்த ஒரு பெடியனுக்கு. பங்குனி, சித்திரையில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை வந்தால் ஐந்து மணிக்கு முன் பாரம் தூக்குவதில்லை, தென்னை நிழலில் நடை மட்டும். குடிக்கத் தேசிக்காய்த் தண்ணீர், உப்புப் போட்டு, சீனி இல்லாமல்.

மழை என்று ஒன்று இருப்பதை நான் திட்டத்திலேயே எழுத மறந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? கட்டாரில் ஆறு வருடம் இருந்ததன் பலன். 2024 கார்த்திகை கடைசியில் பெங்கல் புயலோடு கொட்டிய மழையில் டயர் தெப்பமாக மிதந்தது, கிடுகு கறுத்துத் தொங்கியது, ஐந்து கிழமை வகுப்பு இல்லை. காசைத் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டேன். தேவையில்லை, தையில் இரண்டு கிழமை சேர்த்துத் தாங்கோ என்றார்கள். அதற்குப் பிறகு நெல் கொட்டிலைப் பாதி ஒதுக்கி வைத்திருக்கிறோம், பத்துப் பேருக்கு மேல் அடங்காது, முறைவைத்து வருகிறார்கள்.

வருமானம்? முப்பது பேர் சராசரி, இப்போது ஆளுக்கு இரண்டாயிரம், தங்கச்சியின் சம்பளம், கரண்ட், திருத்த வேலை போக எனக்கு மிஞ்சுவது கட்டாரில் எடுத்ததில் கால்வாசி. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று வகுப்பு முடிகிற நேரம் படலையடியில் நடக்கிறது. அம்மா ஒரு மேசையைப் போட்டுக் கீரை, முருங்கைக்காய், வாழைப்பொத்தி, ஊர்க்கோழி முட்டை வைக்கத் தொடங்கினார், பத்து நிமிடத்தில் மேசை காலி. முன்பு சந்தைக்குக் கொண்டுபோய்த் தரகருக்குக் கொடுத்து, கேட்ட விலைக்கு விட்டுவிட்டு வருவோம். சில மாதம் மேசைக் காசு வகுப்புக் காசுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. அப்பா அந்த மேசைக் கணக்குக் கொப்பியைத்தான் மாதக் கடைசியில் என் முன்னால் விரித்துவைத்துச் சத்தமாகக் கூட்டுவார்.

அடுத்த மழைக்கு முன் வேலி மாற்ற வேண்டும், போன வருடக் கிடுகு உக்கிவிட்டது. வாய்க்காலில் ஓலை ஊறுகிறது. இந்தச் சனிக்கிழமை வகுப்பு இல்லை, வேலி அடைப்பு என்று குழுவில் போட்டேன். இருபத்திரண்டு பேர் வருகிறோம் என்று பதில் போட்டிருக்கிறார்கள், எத்தனை மணிக்கு, கத்தி கொண்டுவரவா, கயிறு இருக்கிறதா என்று. அப்பாவிடம் சொன்னேன்.

"இதுக்கும் காசு கட்டுவினமோ?" என்றார்.